லெமினேட் போட்டுக் கொடுத்த கடிதம்

அந்தக் கடிதத்துக்கு லெமினேட் போட்டுக் கொடுத்தது நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரமாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பிரின்ட், ரீலோட், பாஸ்போர்ட் படம், சிவி அடித்துக் கொடுப்பது, ஓன்லைனில் விண்ணப்பம் நிரப்புவது. பதின்மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மண்டூரில் பாதை ஏறிக் குருமண்வெளியில் இறங்கினால் பிறகு தூரமில்லை. பாதை என்றால் றோட்டு இல்லை. மோட்டார் சைக்கிள், ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற படகுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

2024 நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அந்தப் பாதையில் வந்தார் ஒரு அக்கா. சேலைத் தலைப்பில் போனைச் சுற்றி வைத்திருந்தார். மகனுக்குக் கனடாவில் ஹோட்டல் வேலை சரிவந்திருக்கிறதாம். “தம்பி, இதக் கலர்ல எடுத்து, நனையாம பிளாஸ்டிக் போட்டுத் தாங்க” என்றார். எடுத்தேன், போட்டேன், இருநூறு ரூபா வாங்கினேன். மண்டூர் முருகன் சந்நிதியில் வைத்து எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். லெமினேட் இன்னும் சூடாக இருந்தது. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கியது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இந்தமுறை பிரின்ட் எடுக்க வேண்டியிருந்தது வங்கியில் காசு போட்ட சிட்டைகளின் படங்கள். பொலிசில் கொடுக்க. ஐந்து சிட்டை, மொத்தம் 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. காதில் இருந்த தோடு ஈட்டுக்கடையில். என்னோடு கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “நீங்க ரெண்டு எழுத்துப் படிச்ச ஆள்தானே தம்பி, அண்டைக்கு உங்களுக்கும் விளங்கல்லயா?”

விளங்கவில்லை அக்கா. ஏனென்றால் நான் வாசிக்கவே இல்லை. இந்தத் தொழிலில் கடதாசி கைக்குள்ளால் போகும், கண்ணுக்குள்ளால் போகாது. ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு பக்கம். பிறப்புச் சாட்சிப் பத்திரமோ மரண அறிவித்தலோ, எனக்கு எல்லாம் ஏ4 தான்.

அன்றிரவு கடையைப் பூட்டாமல் இருந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கொம்பியூட்டரின் டவுன்லோட் பகுதியில் அப்படியே கிடந்தது. ஒரு மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் முத்திரை. சிவப்பு வட்டம், பார்த்தால் அசல். பெரிதாக்கிப் பார்த்தபோது வட்டத்தைச் சுற்றி மங்கலான ஒரு வெள்ளைச் சதுரம். எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டிய படம். கையெழுத்தின் மேல் முத்திரை விழுந்தால் மை கலங்கும், கொஞ்சம் சரிந்து இருக்கும். நான் எத்தனை கிராம சேவகர் முத்திரையைக் கொப்பி எடுத்திருக்கிறேன், ஒன்றாவது நேராக இருந்ததில்லை. இது அளவுகோல் வைத்ததுபோல நின்றது.

பிறகு கோப்பின் விபரங்களைத் திறந்தேன். பீடிஎஃப் கோப்பில் அதை உருவாக்கியபோது இருந்த தலைப்பு உள்ளே ஒளிந்திருக்கும், பெரும்பாலும் யாரும் அழிப்பதில்லை. இதில் ஆங்கிலத்தில் ‘மலேசியா ஹோட்டல் புதிது 3’ என்று இருந்தது. கனடாக் கடிதத்துக்குள் மலேசியா. மலேசியாவுக்கென்று எத்தனை பேருக்கு அடித்து, அதன் மேலேயே கனடாவை எழுதினார்களோ.

மின்னஞ்சல் முகவரி அந்த ஹோட்டலின் பெயரோடு ‘கரியர்ஸ்’ என்றொரு சொல் ஒட்டியது. அந்த இணையப் பெயர் எப்போது பதிவானது என்று பார்க்க ‘ஹூஇஸ்’ என்ற தேடல் இருக்கிறது, காசில்லை, யாரும் பார்க்கலாம். கடிதத்தில் போட்டிருந்த திகதிக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்தான் பதிவாகியிருந்தது. கடிதத்தின் தலைப்பிலோ அந்த ஹோட்டல் முப்பது வருடமாக நடக்கிறதாம்.

சம்பளம் மாதம் 4,800 கனடா டொலர். பாத்திரம் கழுவ. சாப்பாடும் இருப்பிடமும் இலவசம். டொரொண்டோவில் இருக்கும் என் மச்சானுக்கு அனுப்பினேன். சிரித்தான். ஒன்ராறியோவில் 2024 ஒக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டொலர் 20 சதம் ஆனது. வாரம் நாற்பது மணித்தியாலம் கழுவினாலும் வரி வெட்டுவதற்கு முன்பே மாதம் மூவாயிரத்தைத் தொடாது. “அந்தச் சம்பளத்துக்கு நானே கழுவப் போவன் மச்சான்” என்றான்.

அக்கா கட்டிய ஐந்து சிட்டையில் பெரியது ‘எல்எம்ஐஏ கட்டணம்’ என்று வாங்கியது. எல்எம்ஐஏ என்பது உண்மையான ஒன்றுதான், அதுதான் இவர்களின் கெட்டித்தனம். வெளிநாட்டு ஆளை எடுக்க அங்கே முதலாளி அரசாங்கத்திடம் எடுக்கிற மதிப்பீடு அது. ஒரு இடத்துக்கு 1,000 கனடா டொலர். கட்டவேண்டியது முதலாளி. அதைத் தொழிலாளியிடம் திருப்பி வாங்கவும் அவருக்கு அனுமதியில்லை. மண்டூரில் இருக்கிற ஒரு தாய் அதைக் கட்டவேண்டி வந்தாலே அது கள்ளம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால், இருநூறு ரூபாவும் வேண்டாம் என்று பாதைக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இதையெல்லாம் பெரிய துப்பறிவாளர் போல எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் நான் ஏற்கெனவே சூடு கண்ட பூனை.

2022 யாருக்கும் மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். போட்டோ கொப்பிக் கடைக்காரனுக்குக் கரண்டும் இல்லை, கடதாசியும் இல்லையென்றால் என்ன மிச்சம்? மெஷினுக்கு லீசிங் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அடியிலிருந்து எழும்பமுதலே, 2023 தொடக்கத்தில், வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. வெளிநாட்டு இலக்கம், ஒரு பெண்ணின் படம். வீட்டிலிருந்தபடி வேலை, நாளைக்கு அரை மணித்தியாலம் போதும் என்றது. நான் தமிழில் பதில் போட்டதும் அங்கிருந்தும் தமிழ் வந்தது: “அன்பான ஐயா, உங்கள் மதிப்பிற்குரிய பதிலால் நான் சூடாக உணர்கிறேன்.” மனிசியிடம் காட்டிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் சேர்ந்தேன்.

வேலை என்னவென்றால் கூகுள் வரைபடத்தில் அவர்கள் சொல்கிற ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடுவது. ஒன்றுக்கு இருநூறு ரூபா. மூன்று போட்டேன். பத்து நிமிடத்தில் என் கணக்குக்கு 600 ரூபா வந்துவிட்டது. உண்மையான காசு. சந்தையில் கீரி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காசு போட்டவரின் பெயர் ஒரு தனி ஆளின் பெயர், கம்பனியின் பெயர் இல்லை. பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. காசு வரும்போது யார் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

மூன்றாம் நாள் டெலிகிராமுக்கு மாறச் சொன்னார்கள். அங்கே ஒரு குழு. அறுபது எழுபது பேர், எல்லோரும் சம்பளம் எடுத்த சிட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ என்று ஒன்று: 5,000 கட்டினால் 6,500 வரும். கட்டினேன், வந்தது. பிறகு 18,000 கட்டினேன். திரையில் 25,000 காட்டியது. எடுக்கப் போனால், இது மூன்று கட்டம் சேர்ந்தது, அடுத்ததையும் முடித்தால்தான் எடுக்கலாம் என்றார்கள். 42,000. சின்னச் சீட்டு ஒன்று விழுந்திருந்தது, அதைக் கட்டினேன். இப்போது திரையில் 89,000. எடுக்கப் போனால், பிழையான பொத்தானை அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, திறக்க 95,000 கட்டவேண்டும். குழுவில் உடனே நாலு பேர் வந்தார்கள். “எனக்கும் இப்படித்தான் ஆனது, கட்டினேன், எல்லாம் சேர்ந்து வந்தது.” ஒருவர் அழுதார். ஒருவர் எனக்குப் பாதிக் காசு கடன் தரவும் முன்வந்தார். அந்த அறுபது பேரில் ஏமாறுகிறவன் நான் ஒருவன்தான், மிச்சம் எல்லாம் அவர்களே என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

புத்தியால் நின்றேன் என்று எழுத ஆசைதான். காசு இல்லாததால் நின்றேன். 95,000 கையில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

வங்கியின் மெசேஜைப் பார்த்து மனிசி கண்டுபிடித்தாள். ஏசவில்லை. “600 ரூபா தந்தவன் ஏன் தந்தான் எண்டு நீங்க கேக்கல்லயா?” என்றாள். அவ்வளவுதான். நட்சத்திரம் போடுவதற்குத் தந்த கூலி என்றே நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். 60,000 எடுப்பதற்கு அவர்கள் போட்ட முதல் அது.

இவ்வளவும் பட்ட பிறகுதான் அக்காவின் கடிதத்துக்கு லெமினேட் போட்டேன் என்பதையும் கவனியுங்கள். என் மனதில் மோசடி என்றால் டெலிகிராம், நட்சத்திரம், வெளிநாட்டு இலக்கம். அது தாளில், முத்திரையோடு, ஒரு தாயின் கையில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போது யோசித்தால், நேர்முகம் இல்லாமல், ஒரு கேள்வி கேட்காமல், முதலே கையில் கிடைத்த அந்தக் கடிதம்தான் அக்காவுக்கு வந்த 600 ரூபா. கடிதம் கைக்கு வந்தபிறகு கட்டாமல் விட்டால் வந்த வேலை போய்விடுமே என்று இருக்கும். இல்லாத வேலையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் ஐந்து சிட்டையும் போயிருக்கிறது.

காசு போய் இரண்டு கிழமையில் எனக்கு இன்னொரு மெசேஜ் வந்தது. சட்டத்தரணியாம், டெலிகிராமில் இழந்த காசை மீட்டுத் தருவாராம், பதிவுக்கு 12,000. நான் இழந்தது அவருக்கு எப்படித் தெரியும்? பட்டியல் கைமாறியிருக்கிறது, வேறென்ன.

அப்புறம் தாய்லாந்துப் பொடியன். அவனைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பொடியன், கணினியில் டிப்ளோமா செய்தவன், ஆங்கிலம் நல்லா வரும். 2025 நடுப்பகுதியில் டிக்கெட் பிரின்ட் எடுக்க வந்தான். பாங்கொக்கில் ‘கஸ்டமர் சப்போர்ட்’ வேலை, மாதம் 1,200 அமெரிக்க டொலர், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, டிக்கெட்டும் அவர்களே அனுப்பியிருக்கிறார்கள். காசு கேட்காததால் அவனுக்கும் வீட்டுக்கும் நூற்றுக்கு நூறு நம்பிக்கை. நேர்முகம் எப்படி நடந்தது என்று கேட்டேன். டெலிகிராமில், தட்டச்சு வேகம் பார்த்தார்களாம், ஆங்கிலத்தில் கொஞ்சம் கதைத்தார்களாம். விசா? சுற்றுலாவாகப் போய் அங்கே மாற்றலாமாம். இறங்கினால் யார் வருவார்? சாரதி வருவார், மே சொட்டில் கம்பனியின் கிளைக்குக் கொண்டுபோவார்.

கூகுள் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். (நட்சத்திரம் போட்ட அதே வரைபடம்தான்.) மே சொட் பாங்கொக்கிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீற்றர், மியன்மார் எல்லையில். நடுவில் மோய் என்றொரு ஆறு, எங்கள் வாவி அகலம்கூட வராது. அக்கரையில் மியாவடி. இலங்கைப் பொடியன்களும் இப்படித்தான் கொம்பியூட்டர் வேலை என்று போய் அங்கே அடைபட்டு, 2023, 2024இல் தூதரகங்கள் ஊடாகக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கப்பட்டார்கள். செய்தியில் வந்ததுதான். உள்ளே போனால் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுவார்கள். வேலை என்பது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வெளிநாட்டு ஆட்களை ஏமாற்றுவது. அவர்கள் சொல்கிற கணக்குக்கு ஏமாற்றி முடிக்காவிட்டால் அடி, கரண்ட் ஷொக். 2023 ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஒரு இலட்சம் பேர் அளவில் இப்படி வைத்திருக்கப்படலாம் என்று இருக்கிறது.

“அதெல்லாம் முடிஞ்சி அண்ணன். தாய்லாந்து கரண்ட வெட்டி எல்லாரையும் வெளிய எடுத்துட்டாங்கள்” என்றான். அதுவும் பாதி சரி. 2025 பெப்ரவரியில் தாய்லாந்து எல்லைக்கு அப்பாலான மின்சாரத்தை நிறுத்தியது, ஆயிரக்கணக்கான பேர் வெளியே வந்தார்கள். பிறகு ஏனடா உன்னை மே சொட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றேன். பதில் இல்லை.

டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னேன். அவர் 1989க்கு அழைத்துக் கேட்டார். அது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம், எந்த நேரமும் கேட்கலாம். அப்படியொரு வேலைக்கு ஆள் எடுக்க அவர்களிடம் எந்தப் பதிவும் இல்லை. பொடியன் போகவில்லை. என்னோடு ஆறு மாதமாகக் கதைப்பதும் இல்லை. கடைக்கு முன்னால் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். போகட்டும்.

அவனுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. “நான் சூடாக உணர்கிறேன்” என்று எனக்கு எழுதியவளை இரண்டு வருடம் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கைச் செய்தியை வாசித்த இரவு யோசனை வந்தது: அதை எழுதியது பெண்ணாகவே இல்லாமல், இவனைப்போல ஆங்கிலம் தெரிந்த ஒரு பொடியனாக, பின்னால் ஒருவன் தடியோடு நிற்கக் கணக்கு முடிக்கவேண்டியவனாக இருந்திருந்தால்? என் 60,000 அவனை ஒரு நாள் அடியிலிருந்து காப்பாற்றியிருக்குமோ என்னவோ. கோபம் அதற்குப் பிறகு முன்னையதுபோல வருவதில்லை.

சரி, இப்போது கடையில் நான் என்ன செய்கிறேன் என்றால், வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்தால் வாசிக்கிறேன். ஏஜென்சியின் பெயர் இருந்தால் பணியகத்தின் இணையத்தளத்தில் போட்டு, உரிமம் இருக்கிறதா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். உரிமம் மட்டும் இருந்தால் போதாது. இந்த நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுக்க அவர்கள் பணியகத்திடம் அனுமதி பெற்றிருக்கவும் வேண்டும், பலர் அதைக் கேட்பதில்லை. கொரியா என்றால் இன்னும் லேசு: மொழிப் பரீட்சை, பணியகம், அவ்வளவுதான். நடுவில் ஏஜென்ட் என்று எவன் வந்தாலும் கள்ளன். போன் எடுத்துக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புகிறேன். அங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். படுவான்கரை ஆட்கள் இதற்காக இங்கே வரவும் தேவையில்லை, அந்தப் பக்கத்துப் பிரதேச செயலகம் இருக்கிற வெல்லாவெளியிலேயே கேட்கலாம்.

கஷ்டம், ஏஜென்சிக்காக ஊருக்குள் ஆள் பிடித்துக் கொடுக்கிற சப் ஏஜென்ட்மாரோடுதான். இணையத்தில் வருகிறவன் முகம் தெரியாதவன், சந்தேகப்படலாம். இவர் மருமகளின் சித்தப்பாவாக இருப்பார், கோயில் திருவிழாவில் உபயகாரராக இருப்பார். கையெழுத்தில்லாமல் காசு வாங்குவார், ரசீது கேட்டால் “என்னையே நம்பல்லயா” என்று முகம் வாடுவார். சில வேளை அவரையே யாரோ வாட்ஸ்அப்பில் ஏமாற்றிக்கொண்டிருப்பார்கள், அவருக்கே தெரியாது. அக்காவுக்கு அந்தக் கடிதத்தை அனுப்பியவரும் அப்படி ஒருவர்தான், சொந்தக்காரர். அந்த முகத்தைப் பார்த்து ‘உரிமம் காட்டுங்கள்’ என்று கேட்க எனக்கே வாய் வராது. அதனால் ஆளைக் கேட்காமல் பணியகத்தைக் கேட்கிறோம்.

இன்னொன்று, சுருக்கமாக. வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள். “உங்கள் கணக்குக்குக் காசு வரும், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், நூற்றுக்கு ஐந்து உங்களுக்கு.” இதையும் வேலை என்றுதான் விளம்பரம் போடுகிறார்கள். எனக்கு 600 ரூபா வந்தது அப்படி ஒரு தனி ஆளின் கணக்கிலிருந்துதான். பொலிஸ் தேடிப்போகும்போது முதலில் அகப்படுவது அந்தக் கணக்குக்காரர்.

காசு போய்விட்டதென்றால், அழமுதல் வங்கிக்கு அழைக்கவேண்டும். ஓன்லைனில் மாற்றிய காசு அந்த நிமிடமே மறுபக்கம் போய்விடும், அவர்கள் அடுத்த நிமிடமே வேறெங்காவது தள்ளிவிடுவார்கள். நான் வெட்கத்தில் நாலு நாள் சும்மா இருந்தேன். அடுத்தது, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது. டெலிகிராமில் அவர்கள் அழித்தால் உங்கள் போனிலிருந்தும் அழிந்துவிடும். என்னுடைய குழு அப்படித்தான் ஒரே இரவில் காணாமல் போனது. பொலிசில் முறைப்பாடு எழுதும்போது என்னிடம் காட்ட இருந்தது ஒரு கீரி மீன் கதையும் வங்கிக் கூற்றும்தான். இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

அக்காவின் காசு இன்னும் வரவில்லை. மகன் இப்போது கல்முனையில் ஒரு ஹாட்வெயாரில் நிற்கிறான்.

போன கிழமை ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். போலந்தில் களஞ்சிய வேலை, கடிதத்தைக் கலரில் எடுத்து லெமினேட் போடவேண்டும். வாசித்தேன். முத்திரையைப் பெரிதாக்கினேன். வெள்ளைச் சதுரம். “ஐயா, ஒள்ளுப்பம் இருங்க, ஒரு கோல் எடுத்துக் கேப்பம்” என்று 1989ஐ அழுத்தத் தொடங்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பிரின்ட் எடுக்கத்தானே வந்தன், உங்கட்ட விசாவா கேட்டன்?” என்று போனைப் பறித்துக்கொண்டு இறங்கினார். இரண்டு கடை தள்ளி இன்னொரு கொமினிகேசன் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்தார், லெமினேட் வெயிலில் பளபளத்தது. கோல் இன்னும் லைனில் இருந்தது. ஏஜென்சியின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் பஸ் நிலையப் பக்கம் நடந்தேன்.